10 லட்சம் டாலர் செக்கை விடுங்க, அந்த மெடிக்கல் செக்-அப்பை பாருங்க

2025 யு.எஸ். ஓபன் முடிஞ்சதும் நம்ம வீடியோ கமெண்ட்ஸ்ல நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க: "ஒரு டோர்னமென்ட் ஜெயிச்சா லைஃப் செட்டில் இல்லையா ப்ரோ?" பெண்கள் இரட்டையர் பட்டத்தை கனடாவோட கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியும் நியூசிலாந்தோட எரின் ரவுட்லிஃபும் ஜெயிச்சாங்க. ஃபைனல்ல டெய்லர் டவுன்சென்ட், கதெரினா சினியகோவா ஜோடியை 6-4, 6-4னு வீழ்த்தினாங்க. பரிசு 10 லட்சம் டாலர். நம்ம ஊர் கணக்குல கிட்டத்தட்ட 8.8 கோடி ரூபாய்.

என்னோட கருத்து: நாம தப்பான நம்பரைப் பார்த்துட்டு இருக்கோம்.

முதல்ல அந்த செக்கையே பிரிச்சுப் பார்ப்போம். 10 லட்சம்ங்கிறது ஜோடிக்கு. ஆளுக்கு 5 லட்சம் டாலர்தான். அதே வருஷம் சிங்கிள்ஸ் ஜெயிச்ச சபலென்காவுக்கு 50 லட்சம் டாலர். சிங்கிள்ஸ்ல முதல் ரவுண்டுலயே தோத்து வெளியேறினவருக்குக்கூட 1,10,000 டாலர். அதாவது, ஆறு மேட்ச் வரிசையா ஜெயிச்சு கோப்பையைத் தூக்கின ஒரு இரட்டையர் வீராங்கனையோட பங்கு, முதல் ரவுண்டுல தோத்த அஞ்சு பேருக்குக் கிடைச்ச மொத்தப் பணத்தைவிடக் கம்மி! இதுலதான் வரி, கோச், பிசியோ, ஃப்ளைட், ஹோட்டல் எல்லாம் போகணும். ஆஃபர் லெட்டர்ல சி.டி.சி. பார்த்து சந்தோஷப்பட்டு, முதல் மாசம் கையில வந்ததைப் பார்த்து முழிச்சோமே, அதே கதைதான்.

ஆனா நான் சொல்ல வந்தது இது மட்டும் இல்ல. டப்ரோவ்ஸ்கியை நம்ம சென்னைக்காரங்க சிலர் நேர்லயே பார்த்திருப்பீங்க. 2022 செப்டம்பர்ல நுங்கம்பாக்கத்துல நடந்த சென்னை ஓபன்ல, பிரேசிலோட லூயிஸா ஸ்டெஃபானியோட சேர்ந்து இரட்டையர் பட்டம் ஜெயிச்சவங்க இவங்கதான்.

அடுத்த வருஷம், 2023 வசந்த காலத்துல, மார்புல ஒரு சின்னக் கட்டி இருக்கிறதை கவனிச்சிருக்காங்க. கவலைப்பட ஒண்ணும் இல்லைன்னு அப்போ டாக்டர் சொல்லிட்டார். இவங்களும் ஆட்டத்துல இறங்கிட்டாங்க. அந்த ஆகஸ்ட்ல ரவுட்லிஃபோட முதல் முறையா ஜோடி சேர்ந்து, சில வாரத்துலயே யு.எஸ். ஓபன் ஜெயிச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, கையில கோப்பை, உடம்புல கட்டி. ரெண்டும் ஒரே நேரத்துல.

2024ல டபிள்யூ.டி.ஏ. வழக்கமா நடத்துற ஒரு உடல் பரிசோதனையில, இன்னொரு டாக்டர் "இதை ஸ்கேன் பண்ணிடுங்க"ன்னு சொன்னார். ஏப்ரல்ல ரிசல்ட் வந்துச்சு. மார்பகப் புற்றுநோய். வயசு 32. ஆரம்பக் கட்டத்துலயே பிடிச்சதால ஆபரேஷன் முடிஞ்சு களத்துக்குத் திரும்ப முடிஞ்சது. அதே வருஷம் விம்பிள்டன் ஃபைனல், பாரிஸ் ஒலிம்பிக்ஸ் கலப்பு இரட்டையர்ல வெண்கலம், டபிள்யூ.டி.ஏ. ஃபைனல்ஸ் பட்டம். டிசம்பர் 31ஆம் தேதிதான் விஷயத்தையே வெளியில சொன்னாங்க.

இப்ப சொல்லுங்க, அவங்க டென்னிஸ் வாழ்க்கையில அதிக மதிப்புள்ளது எது? 10 லட்சம் டாலர் செக்கா, இல்ல அந்த சாதாரண செக்-அப்பா? அந்த செக்-அப் நடக்கலைன்னா 2025 கோப்பை கையில இருந்திருக்குமான்னே சந்தேகம்.

என் கதையையும் சொல்லிடறேன். ரெண்டு வருஷம் ஆபீஸ்ல இருந்து இலவச ஹெல்த் செக்-அப் மெயில் வந்துச்சு. "நமக்கென்ன, ஜிம் போறோமே"ன்னு ஆர்க்கைவ் பண்ணிட்டே இருந்தேன். 31 வயசுல சொந்தமா ஒரு பாலிசி எடுக்கப் போனப்போ, அவங்க எடுத்த டெஸ்ட்ல சுகர் வந்து நிக்குது. பிரீமியம் ஏறிச்சு, சுகர் சம்பந்தப்பட்ட சிகிச்சைக்கு 3 வருஷம் வெயிட்டிங். எஸ்.ஐ.பி. ஒரு மாசம் மிஸ் ஆனா பதறுற ஆளு நான். உடம்பு விஷயத்துல ரெண்டு வருஷத்தை சும்மா விட்டுட்டேன்.

"கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கே ப்ரோ"ன்னு கேட்பீங்க. நல்ல விஷயம்தான், ஏற்கெனவே இருக்குற நோய்க்குக்கூட பெரும்பாலும் முதல் நாள்ல இருந்தே கவர் கிடைக்கும். ஆனா அது டபுள்ஸ் பார்ட்னர் மாதிரி. டப்ரோவ்ஸ்கிக்கு சென்னையில ஒரு பார்ட்னர், நியூயார்க்ல வேற பார்ட்னர். உங்களுக்கும் வேலை மாறும், லே-ஆஃப் வரும், கவர் கூட வராது. எந்தக் கோர்ட்டுக்கும் கூட வர்றது உங்க உடம்பு ஒண்ணுதான். அதுக்குன்னு ஒரு பாலிசி உங்க பேர்ல தனியா இருக்கணும்.

கல்யாணம் ஆனவங்க இன்னும் கவனமா கேளுங்க. ரெண்டு சம்பளத்தை நம்பி ஹோம் லோன் எடுத்திருந்தா நீங்களும் ஒரு டபுள்ஸ் ஜோடிதான். ஒருத்தர் படுத்தா, இன்னொருத்தர் ஒத்தை ஆளா முழு கோர்ட்டையும் கவர் பண்ணணும். ஆனா இ.எம்.ஐ. பாதியா குறையாது.

பயமுறுத்தி பாலிசி விக்கிற வீடியோ மாதிரி இருக்குன்னு சிலருக்குத் தோணலாம். நியாயம்தான். அதனால எந்த கம்பெனி பேரையும் இங்க நான் சொல்லல, லிங்க்கும் தரல. இந்த வாரம் மூணு வேலை மட்டும் பண்ணுங்க:

1. ஆபீஸ் செக்-அப் மெயிலைத் தேடி எடுத்து தேதி போடுங்க. உடம்புல எதாவது உறுத்துதுன்னா, ஒரு டாக்டர் "ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னாலும் இன்னொருத்தர்கிட்டயும் காட்டுங்க.

2. சொந்த ஹெல்த் பாலிசிக்கு விலை கேளுங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஏற்கெனவே இருக்குற நோய்க்கான வெயிட்டிங் அதிகபட்சம் 3 வருஷம். சீக்கிரம் எடுத்தா அந்தக் காலமும் சீக்கிரம் ஓடிடும்.

3. ஜோடியா இருந்தா, ஒரே சம்பளத்துல ஆறு மாசம் ஓட்ட முடியுமான்னு ரெண்டு பேரும் உக்காந்து பேப்பர்ல எழுதிப் பாருங்க.

ரிட்டர்ன் 12 சதவீதமா 13 சதவீதமாங்கிற சண்டையை அப்புறம் போட்டுக்கலாம். சம்பாதிக்கிற உடம்பு நல்லா இருந்தாதான் எஸ்.ஐ.பி.யே ஓடும். கடைசியா எப்போ செக்-அப் பண்ணீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க. "ஞாபகம் இல்ல"ன்னு எழுத வேண்டி வந்தா, அதை எழுதறதுக்கு முன்னாடி அப்பாயின்ட்மென்ட் போட்டுடுங்க.