மதர்போர்ட் மாற்றச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்!



2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, நம் மலையகத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடித் தேயிலை மலைகளில் ஏறி நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நாட்களில் பாவித்த கணனியொன்றைக் கடன்பட்டாவது வாங்கி வைத்த வீடுகள் உண்டு. இன்று அது தடுமாறுகிறது. உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கும் மகள், "உம்மா, மதர்போர்ட் மாற்ற வேண்டுமாம்" என்கிறாள். உங்கள் கையில் இருப்பதோ சிறுகச் சிறுகக் கட்டிய சீட்டுக் காசு. அது வீணாகலாமா?

முதலில் ஒன்றைக் கேளுங்கள்: மாற்றத்தான் வேண்டுமா? கணனி திறக்கவே பத்து நிமிடம் ஆகிறதென்றால், பெரும்பாலும் குற்றம் பழைய ஹார்ட் டிஸ்க்கினுடையது. அதற்குப் பதில் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டாலே வேகம் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் திகதியும் நேரமும் பிழையாகக் காட்டுகிறதா? பலகையிலுள்ள காசளவு வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். அதன் பெயர் சி.ஆர்.2032, விலை மிகச் சொற்பம்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், காரணம் விண்டோஸாக இருக்கலாம். விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 கேட்பதோ, பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ஏ.எம்.டி. ரைசன் 2000 வரிசை முதலான ப்ரொசஸர்களை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மதர்போர்ட் தனியாக வாழும் பொருளன்று. ப்ரொசஸரும் ரேமும் அதில் பொருந்த வேண்டும். இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பலகையிலும் எட்டாம் தலைமுறைப் பலகையிலும் ப்ரொசஸர் உட்காரும் இடத்தின் பெயர் ஒன்றேதான்: எல்.ஜி.ஏ.1151. ஆனாலும் எட்டாம் தலைமுறை ப்ரொசஸர் அந்தப் பழைய பலகையில் வேலை செய்யாது!

ரேமும் அப்படியே. டி.டி.ஆர்.3, 4, 5 என மூன்று வகைகளிலும் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும்; ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. குறைந்த விலையில் கிடைக்கும் எச்.610 பலகைகள் இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைகளை ஏற்கும். அவற்றிலும் டி.டி.ஆர்.4 கேட்பவை உண்டு, டி.டி.ஆர்.5 கேட்பவையும் உண்டு. உங்களிடம் டி.டி.ஆர்.4 ரேம் இருந்தால் அதை ஏற்கும் பலகையையே கேளுங்கள். 2025 இறுதியில் ரேம் விலை உலகெங்கும் ஏறியதால், இருப்பதைக் காப்பாற்றுவதே பெரிய சேமிப்பு. ஏ.எம்.டி. பக்கம் போனால், ஏ.எம்.4 பலகைகளும் டி.டி.ஆர்.4 ரேமையே ஏற்கும்.

ஆகவே, "போர்ட் என்ன விலை?" என்று கேட்காதீர்கள். "போர்ட், ப்ரொசஸர், ரேம் மூன்றும் சேர்ந்து எவ்வளவு?" என்று கேளுங்கள். மலிவான பலகைக்காக மற்ற இரண்டையும் புதிதாக வாங்க நேர்ந்தால், அது மலிவா?

பெரிய நிறுவனங்களின் பழைய அலுவலகக் கணனி வைத்திருப்போர் இன்னும் கவனிக்க வேண்டும. அவற்றில் பலவற்றின் பெட்டியும் பவர் சப்ளையும் தனி அளவில் செய்யப்பட்டவை. சாதாரண மதர்போர்ட் அவற்றில் பொருந்தாமல் போகலாம். கணனியைத் திறந்து படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டிய பிறகே காசு கொடுங்கள்.

பாவித்த பலகையானால், ப்ரொசஸர் அமரும் இடத்து ஊசிகள் வளைந்திருக்கின்றனவா, இணைப்பு வாய்களில் துரு ஏறியிருக்கிறதா, சிறு உருளைகள் வீங்கியிருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். புதியதானால், உத்தரவாதம் எழுதிய பற்றுச்சீட்டு கட்டாயம். கொழும்பில் சில நூறு ரூபாய் குறைவாக இருக்கலாம். ஆனால் பழுதென்றால் ஹட்டனிலிருந்து போய்வரும் ஒருநாள் செலவையும் கணக்கில் சேருங்கள்.

கடைசியாக, நம் ஊர் ஈரமும் இடியும். பனி புகும் ஜன்னலோரத்தில் கணனியை வைக்காதீர்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி முழங்கத் தொடங்கும் முன்பே மின் இணைப்பையும் இன்டர்நெட் வயரையும் கழற்றிவிடுங்கள். நிறுத்தி வைத்தால் மட்டும் போதாது.

கடைக்குப் போகும்போது மகளையும் அழைத்துப் போங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும். சீட்டுக் காசின் அருமை அவளுக்கும் தெரியட்டுமே!