அதிகப்படி வேகத்துக்கு அதிகப்படி விலையா?

பி.யு.சி. தேர்வு முடிவுகள் வந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் பெங்களூர் எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் தமிழ்ப் பேச்சு சற்று அதிகமாகவே காதில் விழும். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பகுதிகளிலிருந்து குமாஸ்தாக்களும் தொழிலாளர்களும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார்கள். கையில் இருப்பது சீட்டு எடுத்த பணம், போதாததற்குத் தவணை. கடைக்காரர் முதலில் கேட்பது "இன்டெலா, ஏ.எம்.டி.யா?" என்று. அடுத்துக் கேட்பது "'கே' போட்டதா, சாதாரணமா?" என்று. முதல் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் பெரிய நஷ்டம் இல்லை. இரண்டாவது கேள்விக்குச் சொல்லும் பதிலில்தான் குடும்பத்தின் ஆயிரக்கணக்கான ரூபாய் அடங்கியிருக்கிறது.

கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராசஸர் ஒரு தாளத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறது. 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 400 கோடி தாளம். தொழிற்சாலை வைத்த அளவுக்கு மேல் அந்தத் தாளத்தை விரட்டுவதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். இன்டெல் பிராசஸர்களில் 'கே' என்ற எழுத்து, அந்த வசதி திறந்துவிடப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். சம்பளக்காரர் குடும்பம் இந்த எழுத்துக்காகத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே நிதானமாகக் கணக்குப் பார்ப்பவர்கள் வந்து சேரும் முடிவு.

ஏழைக்கு உதவிய தந்திரம்

ஒரு காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1998 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்ற மலிவு பிராசஸரை 149 டாலருக்கு வெளியிட்டது. அதே சமயம் வெளிவந்த பென்டியம்-2, 450 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரின் விலை 669 டாலர். செலரான், மதர்போர்டு தரும் 66 மெகாஹெர்ட்ஸ் தாளத்தை நாலரை மடங்காக்கி 300-இல் ஓடியது. மதர்போர்டின் தாளத்தை 100-க்கு மாற்றினால் அதே நாலரை மடங்கு 450 ஆகிவிடும். பெரும்பாலான செலரான்கள் அந்த வேகத்தைத் தாங்கின. அதாவது, 149 டாலர் கொடுத்தவர் 669 டாலர் சரக்கை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டார். அன்றைய ஓவர்கிளாக்கிங் பணமில்லாதவனுக்குக் கிடைத்த சலுகை.

இந்தச் சலுகை நீடிக்கவில்லை. 2011 ஜனவரியில் இன்டெல் தன் புதிய பிராசஸர்களில் பூட்டுப் போட்டது. பூட்டு இல்லாதது வேண்டுமானால் 'கே' எழுத்துள்ளதை வாங்க வேண்டும். ஐ-5 2500 விலை 205 டாலர், 2500கே விலை 216 டாலர். பதினோரு டாலர்தானே என்று தோன்றலாம். ஆனால் அதற்கு ஏற்ற உயர்ரக மதர்போர்டும் வேண்டும். சாதாரண போர்டில் 'கே' வாங்கியும் பயன் இல்லை. 2015-16இல் சில மதர்போர்டு நிறுவனங்கள் பூட்டிய பிராசஸர்களையும் வேகப்படுத்த ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தன. இன்டெல் அதையும் அடைக்கச் செய்தது. இலவசமாக இருந்த பாதையில் சுங்கச்சாவடி வந்த கதைதான் இது.

போட்டியால் வந்த லாபம்

அப்படியானால் ஏ.எம்.டி. தர்ம ஸ்தாபனமா? அதுவும் இல்லை. இரண்டு கம்பெனிகளின் விலைப் பட்டியலையும் வரிசையாகப் படித்தால் உண்மை விளங்கும்.

2017 வரை பல ஆண்டுகள் ஏ.எம்.டி. பின்தங்கிக் கிடந்தது. அந்த ஆண்டுகளில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கான இன்டெல் வரிசையில் மேல்தட்டுப் பிராசஸருக்கும் நான்கு கோர்தான். 2017 ஜனவரியில் வந்த ஐ-7 7700கே கூட 339 டாலர் விலையில் நான்கு கோரோடுதான் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஏ.எம்.டி. ரைசன்-7 1700 பிராசஸரை எட்டு கோரோடு 329 டாலருக்கு இறக்கியது. விளையாட்டுகளில் இன்டெல் முன்னே நின்றது. வீடியோ மாற்றம் போன்ற கனமான வேலைகளில் ஏ.எம்.டி. முந்தியது. விளைவு என்ன? அக்டோபருக்குள் இன்டெல் ஆறு கோர் கொண்ட ஐ-7 8700கே பிராசஸரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது வெறும் 359 டாலர்தான். எதிரி கதவைத் தட்டியதும் பல ஆண்டுகளாகக் கிடைக்காதது சில மாதங்களில் கிடைத்தது.

பிறகு ஏ.எம்.டி.யின் முறை. 2020 நவம்பரில் அது முன்னணிக்கு வந்ததும் ஆறு கோர் ரைசன்-5 5600எக்ஸ் பிராசஸருக்கு 299 டாலர் வைத்தது. அதற்கு முந்தைய 3600எக்ஸ் 249 டாலர்தான். அந்தத் தலைமுறையில் 199 டாலர் விலையுள்ள 5600 வெளிவந்தது 2022 ஏப்ரலில். அதற்கு மூன்று மாதம் முன்பு இன்டெல் தன் ஐ-5 12400 பிராசஸரை 192 டாலருக்கு வெளியிட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முந்தியவன் விலையை ஏற்றுகிறான், துரத்துகிறவன் இறக்குகிறான். சினிமா நடிகருக்கு ரசிகர் மன்றம் வைப்பதுபோல் பிராசஸர் கம்பெனிக்குக் கட்சி கட்டும் இளைஞர்கள் இதை யோசித்துப் பார்ப்பது நல்லது.

ஒரு ஜோடியின் கணக்கு

மேற்சொன்ன 12400, 5600 இரண்டையும் ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். இரண்டுக்கும் ஆறு கோர். இரண்டும் உச்சத்தில் 4.4 கிகாஹெர்ட்ஸ். சாதாரண உபயோகத்தில் எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல யாராலும் முடியாது. 12400-இல் படம் காட்டும் கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு. 5600-இல் கிடையாது, அதற்குத் தனி கார்டு வாங்க வேண்டும். இன்டெலில் 'எஃப்' எழுத்துள்ள 12400எஃப் சற்று மலிவு. ஆனால் அதிலும் கிராபிக்ஸ் இல்லை. எழுத்தைக் கவனிக்காமல் வாங்கிப் போய், வீட்டில் திரை இருட்டாக இருப்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. இரண்டு பெட்டியிலும் குளிர்விக்கும் ஃபேன் சேர்ந்தே வரும்.

இப்போது 'கே' பக்கம் வருவோம். 2021 இறுதியில் வந்த 12600கே விலை 289 டாலர். 12400-ஐவிட 97 டாலர் கூடுதல். இதில் நான்கு சிறிய கோர்கள் அதிகம் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த அளவில் அது உண்மையான லாபம். ஆனால் பெட்டியில் ஃபேன் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். ஓவர்கிளாக் செய்ய 'இசட்' வரிசை மதர்போர்டு வேண்டும். கூடுதல் மின்சாரம் இழுப்பதால் பவர் சப்ளையும் பெரிதாக இருக்க வேண்டும். டாலர் விலையோடு இறக்குமதிச் செலவும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் ஒவ்வொன்றிலும் ஏறும். ஓர் எழுத்து நான்கு பில்களாக வளர்ந்துவிடுகிறது.

ஏ.எம்.டி. இந்த விஷயத்தில் தாராளம். 2017 முதல் ரைசன் பிராசஸர்கள் அநேகமாக எல்லாமே பூட்டில்லாமல் வருகின்றன. நடுத்தர விலை 'பி' வரிசை மதர்போர்டே போதும். ஆயினும் அதிலும் கிடைக்கும் லாபம் சொற்பம். இன்றைய பிராசஸர்கள் சூட்டையும் மின்சாரத்தையும் பார்த்துத் தாமாகவே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. எல்லாக் கோர்களையும் கையால் ஒரே வேகத்தில் நிறுத்தினால், ஒற்றைக் கோர் தானாக எட்டியிருக்கக்கூடிய உச்சம் கைநழுவிப் போவதும் உண்டு. 1998இல் 50 சதவீதம் கிடைத்தது. இன்று சில சதவீதம் கிடைத்தால் அதிகம். பாலில் மிச்சமிருந்த ஏட்டைக் கம்பெனியே வழித்து விற்றுவிடுகிறது.

சூடும் மின்கட்டணமும்

பிராசஸர் உட்கொள்ளும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு இருமடிப் பெருக்கமாகவும் ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட வோல்டேஜையும் பத்து சதவீதம் கூட்டினால் மின்செலவு 33 சதவீதம் ஏறிவிடும். கனமான வேலையில் 100 வாட் கூடுதலாகத் தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 15 யூனிட். ஓட்டுக் கூரையும் ஒற்றை ஜன்னலும் உள்ள வாடகை அறையில் அந்தச் சூடு எங்கே போகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓவர்கிளாக்கிங்கால் வரும் சேதம் வழக்கமான உத்தரவாதத்தில் அடங்காது. விளிம்பில் ஓட்டுவது கம்பெனிகளுக்கே சரிப்படவில்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேல்தட்டுப் பிராசஸர்கள் பல, தேவைக்கு மேற்பட்ட வோல்டேஜால் நிலைகுலைந்ததை அந்நிறுவனம் 2024இல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டு நீட்டியது. 2023இல் ஏ.எம்.டி.யின் 7000 வரிசை எக்ஸ்3டி பிராசஸர்கள் சில, மதர்போர்டில் கருகிய பிறகு, ஒரு பகுதியின் வோல்டேஜுக்கு 1.3 என்று வரம்பு கட்டப்பட்டது. ஆராய்ச்சிக்கூடம் வைத்திருப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், இரவல் பணத்தில் வாங்கிய இயந்திரத்தில் வீட்டுப் பையன் பரீட்சை பார்ப்பது எப்படி நியாயம்?

பையனின் பக்கம்

பிள்ளைகள் தரப்பிலும் நியாயம் உண்டு. தாளம், வோல்டேஜ், சூடு இவற்றைக் கையால் மாற்றிப் பார்க்கும் பையன் பாடப் புத்தகத்தில் இல்லாத பலவற்றைக் கற்றுக்கொள்கிறான். இரண்டு கம்பெனிகளுக்கும் பெங்களூரிலேயே பெரிய வடிவமைப்புக் கூடங்கள் இருக்கின்றன, ஏ.எம்.டி. தன் உலகக் கூடங்களிலேயே பெரியதை 2023இல் இங்கு திறந்தது. அந்த ஆர்வத்தை அணைத்துவிடக் கூடாது. பழைய மதர்போர்டும் பழைய பிராசஸரும் வாங்கிக் கொடுத்தால், கருகினாலும் கவலையில்லை. குடும்பத்தின் ஒரே கம்ப்யூட்டரில், செமஸ்டர் நடக்கும்போது, அந்தச் சோதனை வேண்டாம்.

டாலி கணக்கு, டைப்பிங், ஆன்லைன் வகுப்பு, புரோகிராம் எழுதிப் பழகுவது இவற்றுக்கெல்லாம் நான்கு முதல் ஆறு கோர் தாராளம். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று குறைப்படுபவர்களில் பலருக்குப் பிராசஸர் காரணமே அல்ல; ராம் போதாது, அல்லது பழைய ஹார்டு டிஸ்க். வேகமான எஞ்சினைப் பூட்டிவிட்டுச் சிக்னலில் வண்டியை நிறுத்திவைப்பது போன்றது அது. 'கே'யில் மிச்சமாகும் பணத்தில் 16 ஜி.பி. ராம், ஒரு எஸ்.எஸ்.டி., நம்பகமான பவர் சப்ளை, மின்வெட்டுக்கு ஒரு யு.பி.எஸ். என்று வரிசையாக யோசிக்கலாம். விளையாட்டுத்தான் முக்கியம் என்றால் அந்தப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, மதர்போர்டின் ஆயுள். 2017இல் வந்த முதல் ரைசன் பொருந்திய ஏ.எம்-4 சாக்கெட்டில் 2022இல் வந்த பிராசஸரும் பொருந்தியது. நல்ல போர்டு வாங்கியவர் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொண்டார். அதே காலத்தில் இன்டெல் வாங்கியவர் மதர்போர்டையும் மாற்ற வேண்டியிருந்தது. 8700கே கூட முந்தைய போர்டில் வேலை செய்யவில்லை. சில ஆண்டு கழித்து மேம்படுத்த நினைப்பவருக்கு இது ஓவர்கிளாக்கிங்கைவிடப் பெரிய சேமிப்பு.

வாங்கும்போது கம்பெனி முத்திரையுள்ள பெட்டியில், பில்லோடு வாங்க வேண்டும். பெட்டி இல்லாத 'டிரே' பிராசஸருக்குக் கம்பெனி நேரடி உத்தரவாதம் தராது. விற்ற கடையைத்தான் தேடிப் போக வேண்டும். வரி மிச்சம் என்று பில்லை விட்டுக்கொடுத்தால் மூன்றாண்டு உத்தரவாதமும் அதோடு போயிற்று.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். என்ன வேலைக்குக் கம்ப்யூட்டர் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடையேறும் குடும்பம் ஏமாறாது. இன்டெலும் ஏ.எம்.டி.யும் நன்றாகச் சண்டை போடட்டும். அந்தச் சண்டை இருக்கும்வரை சாதாரணப் பிராசஸரே விலை குறைந்து, வேகம் கூடி வரும். அதை வாங்குவதே குமாஸ்தா சம்பளத்துக்கு ஏற்ற புத்திசாலித்தனம்.