சாவி யாரிடம்?

விழுப்புரம் சந்திப்பிலே இருப்புப்பாதை ஐந்து திசைக்குப் பிரிகிறது. சென்னைக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று, கடலூர் வழியே மயிலாடுதுறைக்கு ஒன்று, புதுவைக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியே காட்பாடிக்கு ஒன்று. வருவோர் போவோருக்கெல்லாம் ஐந்து திசை காட்டும் அந்த ஊரிலே, மூட்டை தூக்குவோன் மகனுக்கும் முறுக்குச் சுற்றுவோள் மகளுக்கும் எத்தனை திசை திறந்திருக்கிறது? நகராட்சிப் பள்ளியிலும் அரசு உயர்நிலைப் பள்ளியிலும் பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்ட அந்தப் பிள்ளைகளுக்காகவே இன்று எழுதுகிறோம்.

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கிலே, தமிழகத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு எண்பது பேர். விழுப்புரம் மாவட்டத்திலோ எழுபத்திரண்டைக்கூட எட்டவில்லை. 2018-இல் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்தது. மாநிலம் 91.1 விழுக்காடு, விழுப்புரம் மாவட்டம் 83.35 விழுக்காடு, கடைசி இடம்! கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த பழைய பெரிய மாவட்டம் அது என்பதை அறிவோம். என்றாலும் கடைசி, கடைசிதானே!

"அந்தச் சீமைப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. ஏறவில்லையா, ஏற்றப்படவில்லையா? ஏணியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, ஏறத் தெரியாதவன் என்று ஏசுவது நேர்மைதானா?

ஏணி வரத்தான் வந்தது. இல்லையென்று நாம் சொல்லவில்லை. 1968-இல் விழுப்புரத்திலே அறிஞர் அண்ணா பெயரால் அரசுக் கலைக் கல்லூரி. 1969-இல் திண்டிவனத்திலே ஏ.கோவிந்தசாமி அவர்கள் பெயரால் இன்னொன்று. காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள். 2024 பிப்ரவரியிலே வானூரை அடுத்த திருச்சிற்றம்பலத்தில் சிறிய டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கணிப்பொறித் தொழில் சென்னையை விட்டு நம் வாசலுக்கே வந்துவிட்டது. அந்த நாற்காலிகளிலே அமரப் போவோர் யார்? பக்கத்து ஊர்ப் பிள்ளைகளா, அல்லது பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் தரையைத் துடைக்க, வேறு எவரோவா? அதை முடிவு செய்யும் இடம் டைடல் பூங்கா அல்ல. நகராட்சிப் பள்ளியின் எட்டாம் வகுப்பு!

பள்ளிக்கும் கருவிகள் வந்தன. கல்வித் தொலைக்காட்சி 2019-இல் வந்தது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலே உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. கணிப்பொறிகள் வந்தன, திரை வந்தது, இணைய இணைப்பும் வந்தது. வந்த பிறகு நடப்பது என்ன?

நம் தோழர்கள் பலர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறோம். பள்ளியின் பெயர் வேண்டாம், ஒன்றைச் சொன்னால் மற்றது தப்பித்துக்கொள்ளும். ஆய்வகக் கதவிலே பூட்டு. சாவி மேசை அறையிலே. மேசைக்கும் ஒரு பூட்டு. "ஏன் ஐயா திறப்பதில்லை?" என்றால், "கெட்டுப் போனால் யார் பதில் சொல்வது?" என்று கேட்கிறார் ஆசிரியர். அவர்மீதும் நமக்குச் சினமில்லை. கணக்கும் அவரே, கணிப்பொறியும் அவரே, தேர்தல் பட்டியலும் அவரே! பழுது பார்க்க ஆள் வருவதற்குள் பருவம் முடிந்துவிடுகிறது. பிள்ளைகளோ, பூசை முடிந்து திரை விலகாதா என்று காத்திருக்கும் பக்தர்களைப் போலக் கண்ணாடிச் சன்னல் வழியே எட்டிப் பார்க்கின்றனர். கருவறைகளின் கதவைத் தட்டிய இயக்கத்தார் நாம். கணிப்பொறி அறையை இன்னொரு கருவறை ஆக்கிவிடச் சம்மதிப்போமா?

பக்கத்திலே கேரளத்தைப் பாருங்கள். 4,752 பள்ளிகளிலே 45,000 வகுப்பறைகளுக்குக் கருவி கொடுத்தனர். கொடுத்ததோடு நின்றார்களில்லை. 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் மன்றங்களை அமைத்து, கருவிகளைப் பேணும் பொறுப்பிலே பிள்ளைகளையே பங்குபெறச் செய்தனர். விலைகொடுத்து வாங்கும் மென்பொருளை நம்பியிராமல், எவரும் எடுத்தாளும் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தினர். எவன் தொட்டால் கெடும் என்று இங்கே அஞ்சுகிறோமோ, அவன் கையிலேயே அங்கே காவலை ஒப்படைத்தனர்.

நம்மால் ஆகாதா? ஆகும். காகுப்பத்துக் கல்லூரியிலே பொறியியல் பயிலும் மாணவன், மாதம் இரண்டு சனிக்கிழமை நகரப் பள்ளிக்கு வரலாம். விழுப்புரம், அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமையிடம். அங்கே பணிமனையிலே எந்திரத்தின் மூச்சைக் கேட்டே நோயைச் சொல்லும் தொழிலாளி இருக்கிறான். இரயில்வேயிலே மின்பொறி அறிந்தவன் இருக்கிறான். கூட்டாளி எங்கே என்று கடல் கடந்து தேட வேண்டாம். காலைப் பணி முடிந்து தேநீர்க் கடையிலே நம் ஏட்டைப் படித்துக்கொண்டிருக்கிறான்!

இங்கே ஒரு வார்த்தை எச்சரிக்கையாக. தொழிலாளி பள்ளிக்கு வரட்டும் என்று நாம் சொல்வதைத் திரித்து, "அப்படியானால் பிள்ளை அப்பன் தொழிலைக் கற்கட்டுமே" என்று குழைந்து வருவோர் இருக்கின்றனர். 1953-இல் ஆச்சாரியார் கொண்டுவந்தாரே, அரை நேரம் பள்ளி, அரை நேரம் குலத்தொழில்! கிளர்ச்சி மூண்டு, 1954-இல் காமராசர் அதைக் குழிதோண்டிப் புதைத்தார். பேருந்துப் பணியாளன் வகுப்புக்கு வருவது, உழவன் மகள் எந்திரம் அறிவதற்காக. உழவன் மகளை உழவுக்கே திருப்பி அனுப்ப அல்ல.

இனி, பணம் படைத்த கூட்டாளிகள். 2022 டிசம்பரிலே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. முன்னாள் மாணவரும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிக்கு உதவலாம் என்ற ஏற்பாடு. நல்லது. 1958-ஐ ஒட்டி, நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலே ஊரார் பலகையும் பெஞ்சும் அள்ளித் தந்தனர். தந்தோர் பள்ளியைத் தங்களுக்கென்று கேட்கவில்லை. ஆனால் 2025 தொடக்கத்திலே, தனியார் பள்ளிகள் ஐந்நூறு அரசுப் பள்ளிகளைத் தத்தெடுக்கப் போகின்றன என்று ஒரு பேச்சுக் கிளம்பியதும் நாடெங்கும் கூக்குரல் எழுந்ததே, ஏன்? தத்தும் இல்லை, தாரை வார்ப்பும் இல்லை என்று அமைச்சர் விளக்க வேண்டியிருந்ததே, ஏன்? 'தத்து' என்ற சொல்லே சுட்டது! பெற்றவள் இருக்கத் தத்து எதற்கு? கருவி தரட்டும், கட்டடம் தரட்டும், கைகூப்பி ஏற்போம். ஆசிரியரை நியமிப்பதும், பாடத்தை வகுப்பதும், எவரைச் சேர்ப்பது என்பதும் பொதுமக்கள் அரசின் உரிமை. அதை எவருக்கும் குத்தகைக்கு விட மாட்டோம்.

டில்லியும் தன்னைக் கூட்டாளி என்றுதான் சொல்லிக்கொள்கிறது! நாம் கட்டிய வரியிலிருந்து நமக்கு வர வேண்டிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டப் பங்கு, 2024-25-க்கு 2,152 கோடி ரூபாய். பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்திலே கையெழுத்திடு, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள், பிறகு தருகிறேன் என்றனர். மூன்றாம் மொழியைப் பின்வாசல் வழியே நுழைப்பதற்கு நம் பிள்ளைகளின் பணம் பணயம்! 2025 மே மாதம் தமிழக அரசு உச்சநீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று. நிறுவனக்காரன் பெஞ்சு தந்துவிட்டுப் பெயர்ப்பலகைதான் கேட்பான். இவர்கள் நம் பெஞ்சையே பிடித்து வைத்துக்கொண்டு நாக்கைக் கேட்டனர்.

ஆகவே பள்ளியின் சாவி எவர் கையில் என்பதுதான் கேள்வி. அது நம் கையிலே இருக்கச் சட்டமே வழி செய்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக்கள் 2022-இல் திருத்தியமைக்கப்பட்டன. 2024-இல் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. பெரும்பான்மை பெற்றோர், தலைமையிலே ஒரு தாய். அந்தக் கூட்டத்திற்கு நம் தோழர்கள் எத்தனை பேர் போகின்றனர்? பொதுக்கூட்ட மேடையிலே மூன்று மணி நேரம் நின்று கேட்பவர், பள்ளிக் கூட்டத்திலே மூன்று நிமிடம் உட்காரத் தயங்கலாமா? கூலியை இழந்து வர வேண்டியிருக்கிறது என்பீர்கள். உண்மை. மாலை ஆறு மணிக்குக் கூட்டத்தை வைக்கச் சொல்லுங்கள்.

மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்திலேதான் 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வி தொடங்கிற்று. தொற்றுக்காலத்திலே கைப்பேசி இல்லாத வீட்டில் பாடமும் இல்லாமற் போனதைக் கண்ட பிறகு, படித்த இளைஞரும் பெண்களும் திண்ணையிலே உட்கார்ந்து பாடம் சொன்னார்கள். திரையிலே விட்டுப்போனதைத் தெருவிலே மனிதர் நிரப்பினர். அந்த வேலை உயர்நிலைப் பள்ளிக்கும் வேண்டும்.

விழுப்புரத்துத் தோழர்களும் திண்டிவனத்துத் தோழர்களும் அடுத்த குழுக் கூட்டத்திற்குச் செல்லுங்கள். ஆய்வகம் சென்ற மாதத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருந்தது, எத்தனை கணிப்பொறி ஓடுகிறது, ஓடாதது எந்த நாளிலிருந்து ஓடவில்லை என்று கேளுங்கள். பதிலை ஏட்டிலே குறித்து, தலைவியாக இருக்கும் அந்தத் தாயிடம் கையெழுத்து வாங்குங்கள். படி ஒன்றை நமக்கு அனுப்புங்கள், வெளியிடுவோம்.