தரையைத் தொடும் நேரம்

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் காத்தோங்கில் லக்சா சாப்பிடாமல் வருவதில்லை. அங்கிருந்து சற்றுத் தள்ளி ஓல்டு ஏர்போர்ட் ரோடு என்றொரு சாலை இருக்கிறது. விமானமே இறங்காத இடத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று பிள்ளைகள் கேட்டால், பெற்றோர் இதைப் படித்துக் காட்டலாம்.

1937 ஜூன் 12-இல் திறக்கப்பட்ட காலாங் விமான நிலையம் அங்குதான் இருந்தது. அதன் முதல் இறங்குதளம் வட்டமான புல்வெளி. காரணம், அக்காலச் சிறு விமானம் காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். வட்டத் திடலில் எத்திசைக் காற்றுக்கும் முகம் கொடுக்கலாம்.

அங்கே பறக்கும் சங்கத்தார் ஓட்டிய 'டைகர் மோத்' 1931-இல் முதலில் பறந்த விமானம். மரச்சட்டத்தில் துணி போர்த்திய ஈரடுக்குச் சிறகு. பிரேக் கிடையாது. முன்னே இரண்டு சக்கரம், வாலில் ஒரு கட்டை. பாரம் சக்கரங்களுக்குப் பின்னால் விழுவதால், இறங்கி ஓடும்போது மூக்கு கொஞ்சம் திரும்பினாலும் போதும், பின்பாரம் முந்தப் பார்க்கும்; விமானம் தன்னையே சுற்றிவிடும். பாரம் ஏற்றிய தள்ளுவண்டி மேட்டிலிருந்து இறங்கும்போது சுழல்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சிறகு நுனி உரசும், சக்கரக் கால் ஒடியும். வேகம் குறைவென்பதால் ஆள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். இறங்கத் திரும்பும்போதே வேகம் செத்து, தாழ்வான உயரத்தில் சுழன்று விழுவதுதான் உயிர்கொல்லி.

பெரிய விமானமும் தப்பவில்லை. 1954 மார்ச் 13-இல், சிட்னியிலிருந்து புறப்பட்டு லண்டன் செல்லவேண்டிய நான்கு இயந்திர 'கான்ஸ்டலேஷன்' ஒன்று, காலாங்கில் ஓடுபாதைக்கு முன்பே தாழ்ந்து கடலோரச் சுவரில் மோதித் தீப்பிடித்தது. இருந்தவர் 40 பேர், இறந்தவர் 33 பேர். பயணிகள் 31 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. தலைமை விமானி ஏறத்தாழ இருபத்தொன்றரை மணி நேரம் பணியில் இருந்தவர்! விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, மாலையில் மறுவேலைக்கும் போன நம் பெரியவர்களுக்குச் சோர்ந்த கை என்ன செய்யுமென்று சொல்லித்தரத் தேவையில்லை. விசாரணையும் அந்தச் சோர்வைக் குறிப்பிட்டது.

அடுத்த ஆண்டு, 1955-இல், விமானங்கள் பாயா லேபாருக்கு மாறின. காலாங் நிலையத்தின் பழைய கட்டடம் மட்டும் இன்றும் நிற்கிறது. அருகே டகோட்டா கிரசென்ட் என்ற பெயரும் அங்கே இறங்கிய டகோட்டா விமானங்களால் வந்ததே.