எல்லை தாண்டி வளரும் பெங்களூரு

காலை ஏழு மணிக்கு அத்திபெலே எல்லையில் நின்றால் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு ஓட்டங்களைப் பார்க்கலாம். பொம்மசந்திராவிலும் சந்தாபுராவிலும் ஆள் ஏற்றிக்கொண்ட கம்பெனி பஸ்கள் ஓசூர் சிப்காட்டை நோக்கி வருகின்றன. ஓசூரில் வீடு எடுத்துத் தங்கியிருப்பவர்கள் பைக்கிலும் பஸ்ஸிலும் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறார்கள். வேலை ஒரு மாநிலத்தில், அடுப்பு இன்னொரு மாநிலத்தில் என்று வாழும் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டிருக்கிறது. இவர்களுக்காகத் திட்டமிடும் அரசு மட்டும் இரண்டு பக்கத்திலும் இல்லை.

நெரிசலான பழைய நகரத்தை விட்டு வரி குறைந்த ஊருக்கு மக்கள் போவார்கள் என்பது அமெரிக்காவைப் பார்த்துச் சொல்லப்படும் பாடம். நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் மாநில வருமான வரி உண்டு. டெக்சஸிலும் புளோரிடாவிலும் அறவே கிடையாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு பிரதிநிதிகள் சபையில் டெக்சஸுக்கு 2 இடங்களும் புளோரிடாவுக்கு 1 இடமும் கூடின. நியூயார்க் ஓர் இடத்தை இழந்தது. கலிபோர்னியாவுக்கு இடம் குறைந்தது அதன் வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை.

அந்தப் பாடத்தை அப்படியே பெங்களூருக்குப் பொருத்துகிறவர்கள் தவறு செய்கிறார்கள். இங்கே வருமான வரி ஒன்றிய அரசுடையது. ஜெயநகரில் இருந்தாலும் பாகலூர் சாலையில் இருந்தாலும் ஒரே விகிதம்தான். 2017 ஜூலை முதல் ஜிஎஸ்டியும் அப்படியே. மாநிலங்கள் கூட்டிக் குறைக்க முக்கியமாக மிஞ்சியிருப்பவை பத்திரப் பதிவு, வாகன வரி, பெட்ரோல், டீசல், மது. அவற்றிலும் ஓசூர் மலிவான ஊர் அல்ல. தமிழ்நாட்டில் மனை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கர்நாடகம் 2025 ஆகஸ்ட் கடைசியில் பதிவுக் கட்டணத்தை இரட்டிப்பாக்கிய பிறகும் அங்கே மொத்தச் செலவு இதைவிடக் குறைவு. டீசல் விலையும் கர்நாடகப் பக்கம்தான் குறைவு. வரி அதிகமுள்ள பக்கத்துக்கு மக்கள் குடிவருகிறார்கள் என்றால், அவர்களை இழுப்பது வேறு ஒன்று.

அது நிலம். பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது சைட் ஒன்று வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத கனவாகிப் பல காலம் ஆகிறது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டுப் பழகிய நகரம் அது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தலைமுறை தலைமுறையாக இருந்த தமிழ்க் குடும்பங்களில்கூட, பிள்ளைகளுக்குத் தனி வீடு என்ற பேச்சு வந்ததும் கண் ஓசூர்ப் பக்கம் திரும்புகிறது. இதோடு தண்ணீரையும் சேர்க்க வேண்டும். 2024 கோடையில் மாநகரின் சுமார் 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிப்போயின என்று கர்நாடகத் துணை முதல்வரே சொன்னார். டேங்கர் வருமா வராதா என்று காத்திருந்த அந்த மாதங்களில் பலர் தங்கள் வீட்டுக் கணக்கைப் புதிதாகப் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

ஆலைகள் இந்த எல்லையை முன்பே தாண்டிவிட்டன. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் வந்தன. பெங்களூரின் பக்கத்தில் இருந்துகொண்டே பின்தங்கிய பகுதிக்கான சலுகைகளைப் பெறலாம் என்பதே அன்றைய ஈர்ப்பு. இன்று ஏத்தர் எனர்ஜியின் தலைமையகம் பெங்களூரில், ஸ்கூட்டர் ஆலை ஓசூரில். ஓலா எலெக்ட்ரிக்கும் பெங்களூரில் அலுவலகத்தை வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஆலை நடத்துகிறது.

மாநிலங்கள் இன்னும் இந்த ஆலைகளுக்காகவே அடித்துக்கொள்கின்றன. தேவனஹள்ளி அருகே விமானத் தொழிலுக்காக 1,777 ஏக்கரைக் கையகப்படுத்தும் திட்டத்தை, விவசாயிகளின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2025 ஜூலையில் கர்நாடக முதல்வர் சித்தராமையா கைவிட்டார். உடனே ஆந்திர அமைச்சர் நாரா லோகேஷ், பெங்களூருக்கு வெளியே எங்களிடம் 8,000 ஏக்கர் தயாராக இருக்கிறது, வாருங்கள் என்று விமானத் தொழில் நிறுவனங்களை அழைத்தார். அதே ஆந்திரம் விசாகப்பட்டினத்தில் டிசிஎஸ் நிறுவனத்துக்கு 21 ஏக்கருக்கு மேல் நிலத்தை 99 காசுக்கு ஒதுக்கியது. உழுதவன் நிலத்தைக் காத்துக்கொண்டது நல்ல செய்தி. அதை அடுத்த மாநிலம் தனக்கு விழுந்த வாய்ப்பாக மட்டும் பார்த்தது எனக்கு வருத்தம் தருகிறது.

ஜிஎஸ்டி வந்தபின் இந்தப் போட்டியின் பலனே மாறிவிட்டது என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. பொருளை உற்பத்தி செய்யும் மாநிலத்துக்கு அல்ல, நுகரும் மாநிலத்துக்கே இந்த வரி போய்ச் சேர்கிறது. ஓசூரில் செய்த ஸ்கூட்டர் புனேயில் விற்றால் மாநிலத்தின் பங்கு மகாராஷ்டிரத்துக்கு. ஓசூரில் குடியிருப்பவர் வாங்கும் சோப்பு, செல்போன், ஓட்டல் சாப்பாடு எல்லாவற்றின் பங்கும் தமிழ்நாட்டுக்கு. ஆலை தரும் வேலைவாய்ப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கஜானாவின் கண்ணோடு பார்த்தால், சலுகை கொடுத்துக் கூப்பிட வேண்டிய ஆலையைவிட, கூப்பிடாமல் தானே வந்து குடியேறும் குடும்பம் நிலையான வருவாய். அந்தக் குடும்பத்துக்கு நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்?

கெலவரப்பள்ளி அணைக்குப் போய்ப் பாருங்கள். நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே வரும் பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு ஓசூருக்குள் நுழைகிறது. மழைக்காலத்தில் மதகு திறக்கும்போது தண்ணீருக்கு முன்னால் நுரைதான் தெரியும். வெள்ளை வெளேரென்று மலைபோல் குவிந்து, காற்று வீசினால் பிய்ந்து பறந்து பக்கத்து வயல்களில் விழும். கிட்டே போனால் நாற்றம் மூக்கைத் துளைக்கும். நுரை தரைப்பாலத்தை மூடியதால் போக்குவரத்து நின்றுபோன நாட்களும் உண்டு. பெங்களூரின் வாடகை தாங்காமல் ஓசூருக்கு வந்தவரின் வீட்டுப் பக்கமே அதே பெங்களூரின் சாக்கடை வந்து சேர்கிறது. பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போயும் நுரை அடங்கவில்லை. குடிநீராலும் இரண்டு ஊரும் பிணைந்திருக்கின்றன: ஓசூரின் குடிநீர் ஒகேனக்கல் திட்டத்தில் வரும் காவிரி நீர். பெங்களூர் குடிப்பதும் காவிரியைத்தான்.

போக்குவரத்துக் கதையும் இதே போலத்தான். பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்று பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது. அங்கிருந்து ஓசூருக்கு இருபது கிலோமீட்டர்தான். மெட்ரோவை ஓசூர் வரை கொண்டுவரத் தமிழ்நாடு ஆய்வு நடத்தியது. நீங்கள் சொல்லும் தடம் 25 கிலோவோல்ட் மேல்நிலைக் கம்பியில் ஓடும், எங்களுடையது 750 வோல்ட் மூன்றாம் தண்டவாளத்தில் ஓடுகிறது, இரண்டும் பொருந்தாது என்று பெங்களூரு மெட்ரோ நிறுவனம் சொல்லிவிட்டது. பொருந்தாவிட்டால் என்ன? பொம்மசந்திராவில் ஒரே கூரையின்கீழ் இறங்கி மாறி ஏற முடியாதா? எழும்பூரில் இறங்கி மின்சார ரயில் பிடிக்கும் நமக்கு அது புதிய பழக்கமா? மின்னழுத்தத்தைக் காட்டி மூட வேண்டிய கோப்பு அல்ல இது.

ஓசூர் விமான நிலையம் வேறு. 2024 ஜூனில் சட்டப்பேரவையில் மு.க. ஸ்டாலின் அறிவித்த அந்த 2,000 ஏக்கர் திட்டத்துக்கு முன்னால், பெங்களூரு விமான நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை போட்டி நிலையம் கூடாது என்ற ஒப்பந்தம் நிற்கிறது. அதில் காட்டும் வேகத்தில் பாதியை மெட்ரோவிலும் கழிவுநீரிலும் காட்டினால், தினமும் எல்லை தாண்டும் தொழிலாளிக்குப் பயன்படும்.

பெங்களூரு தன் வீட்டைக் கவனிக்கும் நிலையிலும் இல்லை. மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பிறகு ஐந்து ஆண்டுகள் அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள். 2025 செப்டம்பரில் அதை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். ஆனால் அத்திபெலே அந்த எல்லைக்கு வெளியேதான் கிடக்கிறது. ஓசூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு நாட்டில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. டெல்லி, ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகியவற்றின் பகுதிகளைச் சேர்த்து 1985-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தேசியத் தலைநகர் வட்டாரத் திட்ட வாரியத்தை அமைத்தது. அதற்குக் குறைகள் ஆயிரம் உண்டு, யமுனையே சாட்சி. ஆனாலும் டெல்லி மெட்ரோ நொய்டாவுக்கும் குருகிராமுக்கும் போகிறது, விரைவு ரயில் மீரட் வரை ஓடுகிறது. காவிரிப் பகை இருக்கும்போது கர்நாடகமும் தமிழ்நாடும் ஒரு மேசையில் உட்காருமா என்று கேட்பார்கள். தண்ணீர்ப் பங்கீட்டைக் காவிரி மேலாண்மை ஆணையத்திடம் விட்டுவிட்டு, பஸ், ரயில், சாக்கடை மூன்றை மட்டும் பேச ஒரு கூட்டு வாரியம் போதும்.

காலமும் கூடி வந்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் ஓசூர் நகராட்சியின் மக்கள்தொகை 1,16,821. 2019-இல் அது மாநகராட்சியானது. மக்கள்தொகைக் கணக்கு மட்டும் பழையதாகவே இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. கடைசியாக வசித்த ஊர் எது, வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்ற கேள்விகள் 2011-லேயே இருந்தன. வேலை செய்யும் இடம் எந்த மாநிலம் என்ற கேள்வியும் வேண்டும் என்று இரண்டு மாநிலங்களும் சேர்ந்து கேட்க வேண்டும். மக்கள் குடியேறுவது நம் பக்கம் என்பதால், அந்தக் கடிதத்தைத் தமிழ்நாடுதான் முதலில் எழுத வேண்டும்.