பழைய துப்பாக்கிகளும் சர்க்காரின் கடமையும்

1878-ஆம் வருஷத்தில் லிட்டன் பிரபு இயற்றிய ஆயுதச் சட்டம் வெள்ளையருக்கு விலக்களித்து, இந்தியனை நிராயுதபாணியாக்கிற்று. 1959-ஆம் வருஷச் சட்டம் அதை ஒழித்தது. ஆனால் ஆயுதம் என்றதும் ஜனங்களுக்கு உண்டாகும் கிலி ஒழியவில்லை.

கொங்கு நாடு தீரன் சின்னமலை போரிட்ட பூமி. அமராவதி நகரில் 1962 முதல் ஸைனிக் பள்ளி மாணவர்களைப் படைத்தலைமைக்குப் பயிற்றுகிறது. இத்தகைய சீமையில் பாட்டனார் விட்டுச்சென்ற துப்பாக்கி பரணில் துருவேறிக் கிடப்பது யாருக்குப் பெருமை?

2019-ஆம் வருஷத் திருத்தப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம்; பிதுரார்ஜிதத்துக்கும் அதே வரம்பு. 2020-ஆம் வருஷ விதியோ, புராதன அரும்பொருளான சிறு ஆயுதத்தை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம், பயன்படுத்தவும் எடுத்துச் செல்லவுமே வேண்டும் என்கிறது. இதை அறியாதவர் அரும்பொருளைப் பழைய இரும்புக்குப் போடுவார். இதைத் தவறாக அறிந்தவர் பட்டாளத்து 303 ரைபிளைப் பதுக்கிக் குற்றவாளியாவார். இரண்டும் தேசத்துக்கு நஷ்டமே.

எடுத்துச் செல்ல லைசென்ஸ் தேவையாதலால், நிபுணரே வீடு தேடி வந்து பரிசோதித்துப் பதிவு செய்தல் வேண்டும். தாமாகத் தெரிவிப்பவரைக் குற்றவாளிபோல் நடத்தலாகாது. போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டவற்றை ஈரம்படாமல், எண்ணெயிட்டுக் காக்க வேண்டும். உரியவர் மனமுவந்து அளிப்பவற்றைச் சுட இயலாதபடி செய்து, ஸைனிக் பள்ளியில் காட்சிக்கு வைக்கலாம்.

அந்நிய ஆட்சி நம் ஆயுதத்தைப் பறித்தது. அதன் சரித்திரத்தையேனும் சுதந்திர சர்க்கார் காப்பாற்றட்டும்.