மெட்டைப் பார்த்தோம், சொல்லைக் கேட்டோமா?



வட்டவளையில் என்னிடம் ஓதும் மாணவி ஒருத்தியின் உம்மா, கைத்தொலைபேசியும் கையுமாக வந்தார். "ஹஸரத், மகள் இந்த ஆட்டத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். பாடுவதும் நம்முடைய பெயருள்ள பெண். தடுப்பதா, விடுவதா?" என்று கேட்டார்.

அது 2015 ஜூலையில் வெளியான 'கொடைக்கானல் வோன்ட்' என்ற ராப் பாடல். தாளத்துக்கேற்ப வேகமாகச் சொற்களை அடுக்கிச் சொல்வதுதான் ராப். பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரப். படமாக்கியவர் ரதீந்திரன் பிரசாத். மெட்டு, அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் 'அனகொண்டா' பாடலுடையது. அந்த மூலப் பாடல் நம் வீடுகளில் ஒலிக்கத் தகாதது. அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை.

ஆனால், அந்த மெட்டில் இவர் ஏற்றிய சங்கதி என்ன?

கொடைக்கானலும் நம்மூரைப் போலக் குளிரும் மழையும் நிறைந்த மலைநாடு. 1980களில் அங்கே, காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானிகள் செய்யும் ஆலை அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுவப்பட்டது. பின்னர் அது யூனிலீவர் குழுமத்தின் கைக்கு மாறியது. 2001இல், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஏழு டன்னுக்கு மேல் ஒரு பழைய சாமான் கடையில் கிடப்பது வெளிப்பட்டது. ஆலை மூடப்பட்டது. எங்கள் உடல் கெட்டது என்றார்கள் தொழிலாளர்கள். ஆலையால் நோய் வரவில்லை என்றது கம்பனி. மனு, ஆர்ப்பாட்டம், நீதிமன்றம் என்று ஆண்டுகள் ஓடின.

பாடல் வந்ததும் சில நாட்களில் இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். நிக்கி மினாஜே அதைப் பகிர்ந்தார். கம்பனியின் உலகத் தலைவர் போல் போல்மன் பதில் சொல்ல நேர்ந்தது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் கம்பனி உடன்பாடு செய்துகொண்டது. மண்ணைச் சுத்தம் செய்யும் விடயம் அதோடு முடியவில்லை. அதற்காக 2018இல் டி.எம். கிருஷ்ணாவுடன் சேர்ந்து சோஃபியா மீண்டும் பாடினார்.

பாடல் ஒன்றே வென்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பதினைந்து ஆண்டுகள் சளைக்காமல் நின்றவர்கள் அந்தத் தொழிலாளர்கள். ஆனால் அவர்களுடைய மனுக்கள் போய்ச் சேராத காதுகளுக்கு இந்தப் பாடல் போய்ச் சேர்ந்தது.

சகோதரிகளே! நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் கவிதையால் சத்தியத்துக்குத் துணை நின்றதை நாம் அறிவோம். நாவும் ஓர் அமானிதம். இசைக்கருவி பற்றிய உலமாக்களின் சட்டம் சட்டமாகவே இருக்கட்டும். ஆனால் அதைச் சொல்லி, அநீதிக்குள்ளானவரின் முறையீட்டுக்குக் காதை மூடிக்கொள்ள நமக்கு அனுமதி இல்லை.

அந்த உம்மாவிடம், "நிறுத்து என்று சொல்லுமுன், இது எதைப் பற்றியது என்று மகளிடம் கேளுங்கள்" என்றேன். மறுவாரம் அவர் வந்தார். மகள் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, ஒரு கேள்வியும் கேட்டாளாம்: "உம்மா, நம்ம தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிறவங்களுக்குக் கையுறை குடுக்கிறாங்களா?"

உம்மாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மறவாதீர்கள். வீட்டில் பாதரச வெப்பமானி உடைந்தால் பிள்ளைகளை அப்புறப்படுத்தி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள்.

நம் பிள்ளைகளின் நாவுகளை வல்ல அல்லாஹ் நீதிக்குச் சாட்சியாக ஆக்குவானாக! ஆமீன்.